சென்னை மாடியில் முயலுக்குத் தீனி வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொத்தமல்லிக் கட்டும் கேரட்டும் வாங்கியே வீட்டு முயலை வளர்த்துவிடலாம் என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் ஒருநாள் முயல் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்துவிடும். மொட்டை மாடியோ பால்கனியோ இருந்தால் முயலுக்கான தீனியில் கணிசமான பங்கை நாமே வளர்க்கலாம். ஆனால் எதை முதலில் நடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சென்னை வெயிலையும் சென்னைத் தண்ணீரையும் மனத்தில் வைத்துத்தான் கீழே உள்ள பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

முதலில் எதை நடலாம்? கேரட்டா, கீரையா?

இரண்டும் வேண்டாம். முதலில் புல்.

முயலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீளும். அவை தேய வேண்டுமென்றால் நாள் முழுக்க நாரை மென்றுகொண்டே இருக்க வேண்டும். குடலும் அப்படித்தான். நார் தொடர்ந்து உள்ளே போனால்தான் முயலின் குடல் நகரும். நின்றுவிட்டால் உள்ளே இருப்பது இறுகி, வாயு சேர்ந்து, ஒரே நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். முயலால் வாந்தியும் எடுக்க முடியாது. அதனால்தான் வளர்ந்த முயலின் தீனியில் ஐந்தில் நான்கு பங்காவது பச்சைப் புல்லாகவோ உலர்ந்த புல்லாகவோ இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

கேரட் கிழங்கில் சர்க்கரை அதிகம். எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். கேரட்டின் தழை நல்ல தீனி. கிழங்கை நாம் சமைத்துக்கொண்டு தழையை அதற்குக் கொடுப்பதுதான் சரியான பங்கீடு.

சரி, எந்தப் புல்?

தொட்டிக்கு ஏற்ற முதல் புல் அருகம்புல். அகலமான, ஆழம் குறைந்த தட்டில் படரும். உப்புத் தண்ணீரையும் வெயிலையும் தாங்கும். நல்ல இடத்தில் வளர்ந்த கொடியைக் கணுவோடு கிள்ளி நட்டாலே பிடித்துக்கொள்ளும். முயலுக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் மெதுவாகத்தான் தழைக்கும், ஒரு முறை வெட்டினால் கைப்பிடிதான் தேறும்.

அளவு வேண்டுமென்றால் கினியாப் புல், கொழுக்கட்டைப் புல், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் என்று போக வேண்டும். ஆடு மாடு வளர்ப்பவர்கள் கோ-4, கோ-5 என்று சொல்வது கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட இந்த ஒட்டுப்புல் ரகங்களைத்தான். இதை விதையிலிருந்து வளர்ப்பதில்லை. கரணையாக, அதாவது தண்டுத் துண்டாகத்தான் நட வேண்டும். இரண்டு கணு உள்ள தண்டில் ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றினால் போதும். சென்னைக்குப் பக்கத்தில் கரணை தேடுகிறவர்கள் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். மாடு வைத்திருப்பவர் யாராவது தெரிந்தவராக இருந்தால் இன்னும் எளிது, பத்துக் கரணை கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

மாட்டுக்கு வெட்டுவதுபோல் ஆளுயரம் வரை விடாதீர்கள். முழங்கால் உயரம் வந்ததும், தரையிலிருந்து நான்கு விரல் விட்டு வெட்டிவிடுங்கள். முற்றினால் இலை ஓரம் அரம்போல் ஆகி முயல் ஒதுக்கிவிடும்.

தீவனச் சோளம் மட்டும் வேண்டாம். இளம் சோளப் பயிரில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் வாடிய பயிரில் அது இன்னும் கூடும். மக்காச்சோளத் தோகையில் இந்தப் பயம் இல்லை.

ஒரு முயலுக்கு எத்தனை தொட்டிப் புல் வேண்டும்?

ஆசையோடு தொடங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு கிலோ எடையுள்ள முயலுக்குப் பச்சைப் புல்லாக மட்டுமே வயிறு நிறைய வேண்டுமென்றால், நாளைக்கு ஏறக்குறைய 400 கிராம் தேவை. நல்ல பராமரிப்புள்ள வயலில் கம்பு நேப்பியர் எக்டருக்கு ஆண்டுக்கு 350 டன் வரை தருகிறது. சதுர மீட்டருக்குப் பிரித்துப் பார்த்தால் நாளைக்கு 100 கிராமுக்குச் சற்றுக் குறைவு. தொட்டியில் அதில் பாதி கிடைத்தால் நல்ல விளைச்சல். அப்படியென்றால் ஒரு முயலுக்கு 8 சதுர மீட்டர், ஒன்றரை அடி சதுரத் தொட்டியாகச் சொன்னால் ஏறக்குறைய 40 தொட்டி வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் இது நடக்காது, நடக்க வேண்டியதும் இல்லை. பத்துத் தொட்டி வைத்தால் புல் தேவையில் கால் பங்கு கிடைக்கும். மீதிக்கு உலர்ந்த புல் வாங்கிக்கொள்ளலாம். கீரை, தழை, பூ இவற்றை மாடியிலேயே முழுசாகச் சமாளித்துவிடலாம். பத்துத் தொட்டியையும் ஒரே நாளில் வெட்டாமல், நாளுக்கொன்றாக முறை வைத்து வெட்டினால் முதல் தொட்டிக்குத் திரும்பி வரும்போது அது துளிர்த்திருக்கும். முழங்கால் உயரம் வராத தொட்டியைத் தொடாமல் அடுத்ததற்குப் போங்கள்.

பால்கனி மட்டும்தான் இருக்கிறது. தட்டில் கோதுமைப் புல் போடலாமா?

தாராளமாக. கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, ஓட்டை போட்ட தட்டில் தென்னை நார்க்கழிவை ஒரு விரல்கடை பரப்பி நெருக்கமாகத் தூவினால் எட்டுப் பத்து நாளில் வெட்டலாம். மூன்று நாளுக்கு ஒரு தட்டு என்று போட்டுக்கொண்டே வந்தால் இடைவெளி விழாது. இளம்புல்லில் தண்ணீர்தான் அதிகம், நார் குறைவு. அதனால் இதைக் கீரைக் கணக்கில் வையுங்கள், உலர்ந்த புல்லுக்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். விதைக் கடையில் சிவப்பு அல்லது இளஞ்சிவப்புச் சாயம் ஏறிய விதை கொடுத்தால் வாங்காதீர்கள். அது பூஞ்சைக்கொல்லி கலந்து நேர்த்தி செய்த விதை. வயலில் விதைக்கத்தான் அது, பத்தே நாளில் வெட்டி முயலுக்குக் கொடுக்க அல்ல. மளிகைக் கடையில் விற்கும் முழுக் கோதுமையே போதும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தட்டில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தால் தட்டோடு கொட்டிவிடுங்கள். மேலாக வெட்டிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

எந்தக் கீரையை தினமும் கொடுக்கலாம்? முருங்கைக்கீரை சத்துதானே?

சத்துதான், நமக்கு. மற்ற விலங்குகள் உணவிலிருந்து தேவையான அளவு சுண்ணாம்புச் சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். முயலின் குடல் கிடைப்பதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைச் சிறுநீர் வழியே தள்ளும். சுண்ணாம்புச் சத்து தொடர்ந்து அதிகமானால் சிறுநீர் சுண்ணாம்புக் குழம்புபோல் கெட்டியாகும், கல்லும் உண்டாகலாம். முருங்கைக்கீரையிலும் அகத்தியிலும் இந்தச் சத்து மிக அதிகம். அமாவாசைக்குப் பசுவுக்கு வாங்கிய அகத்திக் கட்டில் மிச்சம் இருந்தால் ஒரு கொத்துக் கொடுங்கள், தவறில்லை. அதையே தினசரித் தீனியாக்காதீர்கள். குதிரை மசால் என்ற தீவனப் பயிரும் அப்படித்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு நல்லது, வளர்ந்த முயலுக்கு வேண்டாம்.

தினமும் மாற்றி மாற்றிக் கொடுக்கக் கூடியவை கொத்தமல்லி, புதினா, கேரட் தழை, துளசி, சர்க்கரைவள்ளிக் கொடியின் இலை, செம்பருத்தி இலை, மல்பெரி இலை. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பாலக், கொடிப்பசலை இவற்றில் ஆக்சலேட் அதிகம். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, கொஞ்சமாகக் கொடுக்கலாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலை வாயு உண்டாக்கும். கொடுக்காவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை.

அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கப் கீரை. அதில் இரண்டு மூன்று வகை கலந்திருக்கட்டும்.

சென்னையில் சர்க்கரைவள்ளியைப்போல் கைகொடுக்கும் செடி வேறில்லை என்பது என் கருத்து. பொங்கல் சமயத்தில் மலிவாகக் கிடைக்கும் கிழங்கில் ஒன்றை ஈர மண்ணில் பாதி புதைத்து வைத்தால் முளைவிடும். கொடியை ஒரு முழம் வெட்டி வேறு தொட்டியில் ஊன்றினால் அதுவும் பிடிக்கும். கத்திரி வெயிலில் கொத்தமல்லி கருகிப்போகும்போதுகூட இது தண்ணீர் மட்டும் கிடைத்தால் படர்ந்துகொண்டே இருக்கும். அடுத்தது மல்பெரி. விரல் கனத்துக் குச்சியை ஒரு டிரம்மில் நட்டு, அடிக்கடி கவாத்து செய்தால் ஆண்டு முழுக்க இலை. மெல்லிய குச்சிகளையும் முயல் பட்டையோடு கடித்துத் தின்னும், பல்லுக்கு அது நல்ல வேலை.

பூக்கள் கொடுக்கலாமா?

செம்பருத்தி, மருந்தடிக்காத ரோஜா இதழ், சங்குப்பூ எல்லாம் கொடுக்கலாம். சங்குப்பூவின் இலையும் ஆகும், விதைக் காயை மட்டும் பறித்துவிடுங்கள். பூக்கடையில் வாங்கிய பூ கூடாது. மிச்சமான மாலையும் கூடாது.

எந்த மாதத்தில் எதை விதைப்பது?

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல் மாடிக்கும் பொருந்தும். ஆடியில் சாயங்கால மழை வரத் தொடங்கும்போது புல் கரணைகளையும் சர்க்கரைவள்ளியையும் நட்டால், வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டும் மாதங்கள். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அப்போதுதான் பெய்கிறது. தொட்டியின் வடிகால் ஓட்டைகளை அதற்கு முன்பே குச்சி விட்டுக் குத்திப் பாருங்கள். மார்கழி, தை, மாசி கொத்தமல்லிக்கும் கேரட்டுக்கும் முள்ளங்கிக்கும் பொற்காலம். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். பங்குனிக்குப் பிறகு 50 சதவீத நிழல் வலை கட்டாமல் மென்மையான கீரை எதுவும் நிற்காது. புல், செம்பருத்தி, மல்பெரி, சர்க்கரைவள்ளி இந்த நான்கும் கோடையைத் தாண்டிவிடும்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. செடி வருமா?

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது நிரந்தரக் கவலை. அருகம்புல் ஓரளவு உப்பைத் தாங்கும், கொத்தமல்லியும் கேரட்டும் தாங்காது. மென்மையான செடிகளுக்கு மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ விடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று பலர் தொட்டியில் ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் உப்பு செறிந்திருக்கும். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். நல்ல தண்ணீரை அடியில் வழிந்து ஓடும் அளவுக்கு இரண்டு மூன்று முறை விட்டால் பெருமளவு இறங்கிவிடும்.

எந்தச் செடிகள் விஷம்?

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வீட்டில் எல்லோரும் படியுங்கள். குறிப்பாக முயலுக்குத் தழை பறித்துப் போடும் குழந்தைகள் இருந்தால் செடியைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

அரளி முதலிடம். இலை, பூ, குச்சி எல்லாமே இதயத்தைத் தாக்கும். எருக்கும் அந்தக் குடும்பம்தான். நித்தியகல்யாணி, நந்தியாவட்டை, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி, பார்த்தீனியம், செங்காந்தள் எதுவும் கூடாது. வீட்டுக்குள் அழகுக்கு வைக்கும் மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா, தோட்டத்துச் சேம்பு இவை வாயையும் தொண்டையையும் அரித்து வீங்க வைக்கும். கற்றாழை கூடாது.

சமையலறைச் செடிகளில் தக்காளி, கத்தரி, உருளை இவற்றின் இலையும் தண்டும் விஷம். வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டு ரத்த அணுக்களைச் சிதைக்கும். மரவள்ளி இலையில் சயனைடு ஆபத்து. சர்க்கரைவள்ளி இலை ஆகும், மரவள்ளி இலை ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. சர்க்கரைவள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்த நெய்வேலிக் காட்டாமணக்கு ஏரிக்கரைகளில் ஊதாப்பூவோடு புதராக நிற்கும், அதுவும் விஷம்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று குப்பைமேனி. சென்னையில் எந்தத் தொட்டியில் மண் இருந்தாலும் தானாக முளைக்கும் களை. நமக்குக் கைவைத்தியத்தில் பழகிய மூலிகை என்பதால் நல்லது என்று நினைத்துவிடுகிறோம். அதிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, முயலுக்கு நஞ்சு. புல் தொட்டியில் முளைத்தால் வேரோடு பிடுங்கிவிட்டுத்தான் புல்லை வெட்ட வேண்டும்.

சவுண்டல் என்கிற சுபாபுல் தழையை ஆட்டுக்குப் போடுவதைப் பார்த்து முயலுக்கும் போடுகிறவர்கள் உண்டு. அதிலுள்ள மிமோசின் முயலுக்கு முடி கொட்ட வைக்கும்.

ஈரப் புல் கொடுத்தால் வயிறு ஊதுமா?

கழுவிய ஈரத்தால் ஊதாது. கழுவி உதறிக் கொடுக்கலாம், கோடையில் அந்த ஈரம் நல்லதும்கூட. காலையில் வெட்டிக் குவித்து வைத்த புல் நடுவில் கை வைத்தால் சூடாக இருக்கும். அந்தப் புல்தான் ஊத வைக்கும். புல்வெட்டும் இயந்திரம் அரைத்துத் தள்ளும் புல் ரொம்பச் சீக்கிரம் புளித்துவிடும், அது வேண்டாம். வெட்டினால் பரப்பி வையுங்கள், அன்றே கொடுங்கள்.

ரோட்டோரப் புல், கோயம்பேட்டில் கழித்துப் போடும் இலை?

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் கரைகளில் பசுமையாக நிற்கும் புல் சாக்கடையில் வளர்ந்தது. சாலையோரப் புல்லில் வண்டிப் புகையும் நாய் மூத்திரமும். சந்தையில் கழித்த இலையில் என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரியாது. வேண்டாம்.

செடியில் மாவுப்பூச்சி. என்ன அடிப்பது?

கடை மருந்து எதுவும் முயல் தின்னும் செடிக்குக் கூடாது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியே பாதிப் பூச்சியை விரட்டலாம். மிஞ்சினால் வேப்பெண்ணெய்க் கரைசல். அது அடித்த தொட்டியை ஒரு வாரம் ஒதுக்கி வைத்து, கழுவிக் கொடுங்கள். எலி மருந்தை மாடியில் வைக்கவே கூடாது.

சந்தையில் வாங்கிய குட்டி. உடனே கீரை போடலாமா?

பிராட்வே பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்கும் குட்டிகள் பல, தாய்ப்பால் முழுசாக மறக்காத வயதில் இருக்கும். புது இடம், பயணம், வெயில், இவற்றோடு வயிறு நிறையக் கீரையும் சேர்ந்தால் கழிச்சல் வந்து செத்துப்போகும். உலர்ந்த புல்லும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். மூன்று மாதம் ஆன பிறகு ஒரு நாளைக்கு ஒரே வகைக் கீரை, இரண்டு இலை. மூன்று நான்கு நாள் புழுக்கை கெட்டியாக இருந்தால் அடுத்த வகை. அவசரமே வேண்டாம்.

முயலை மாடியிலேயே மேய விடலாமா?

மார்கழிக் காலையில் விடலாம், நீங்கள் கூடவே இருந்தால். பூனையும் பருந்தும் உண்டு, கைப்பிடிச் சுவர் ஓரமும் ஆபத்து. மற்றபடி சென்னை மாடி முயலுக்கு ஏற்ற இடமே அல்ல. 30 டிகிரிக்கு மேல் போனாலே முயல் திணறும். அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி நிலையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கிறது. அந்தக் குளிரில் சுகமாக வாழும் பிராணியை நாம் இங்கே வைத்திருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. செடி மாடியில் இருக்கட்டும். முயல் கீழே, காற்றோட்டமான நிழலில் இருக்கட்டும்.

தோட்டம் வந்துவிட்டால் பெல்லட்டை (கடையில் வாங்கும் குச்சித் தீவனத்தை) நிறுத்திவிடலாமா?

குறைக்கலாம். வளர்ந்த முயலுக்குக் கிலோவுக்கு 25 கிராம் என்பதே மேல் எல்லை. புல்லும் தழையும் பலவகையாகக் கிடைத்தால் அதற்கும் கீழே போகலாம். சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, வாராவாரம் எடை போட்டுப் பாருங்கள்.

முயல் புழுக்கையைத் தொட்டியில் போடலாமா?

ஆமாம், அப்படியே போடலாம். கோழி எருபோல் மக்க வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. செடியைச் சுடாது, புல் இதற்கு நன்றாகத் தழைக்கும். மேலாக ஒரு கைப்பிடி தூவி மண்ணைக் கிளறிவிட்டால் போதும். சிறுநீர் ஊறிய வைக்கோலை மட்டும் தனியாக மக்க வைத்துப் போடுங்கள்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால், காத்திருக்காதீர்கள். விஷச்செடி தின்றதாகச் சந்தேகம் வந்தால் அந்தச் செடியில் ஒரு கிளையையும் கையோடு எடுத்துப் போங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வீட்டுக்கு அருகில் முயல் பார்த்துப் பழகிய டாக்டர் யாரென்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. வீட்டிலிருக்கும் அமாக்சிசிலின் போன்ற மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடாதீர்கள், வாய் வழியே கொடுத்தால் குடல் கிருமிச் சமநிலை குலைந்து முயல் செத்துவிடும்.

சிறுநீர் ஆரஞ்சாகவோ செம்மண் நிறமாகவோ இருந்தால் உடனே பதற வேண்டாம், சில தழைகளின் நிறமி அப்படிக் காட்டும். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, முக்கி முக்கிப் போனாலோ, கெட்டி வெள்ளையாக வந்தாலோ காட்டிவிடுங்கள்.

மழைக்காலத்துக்குப் புல்லை உலர்த்திச் சேமிக்க முடியுமா?

சித்திரை, வைகாசியில் முடியும். கினியா, கொழுக்கட்டை, அருகு இந்த மூன்றும் மெல்லிய தண்டு என்பதால் சீக்கிரம் காயும். நேப்பியர் தண்டு காய்வதற்குள் உள்ளே பூசணம் பிடித்துவிடும். பூப்பதற்கு முன் வெட்டி, நிழல் வலைக்குக் கீழே மெல்லியதாகப் பரப்பி, நாளைக்கு மூன்று முறை புரட்டுங்கள். நேர் வெயிலில் போட்டால் பச்சை வெளுத்து மணமும் போய்விடும். இரண்டு மூன்று நாளில் முறுக்கினால் ஒடியும் பதம் வரும். சணல் சாக்கிலோ துணிப் பையிலோ நிரப்பி, தரையில் வைக்காமல் கட்டித் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் மிச்சமிருக்கும் ஈரம் வியர்த்துப் பூசணமாகும். புரட்டாசியில் ஒரு முறை எல்லாப் பையையும் திறந்து மோந்து பாருங்கள். மக்கிய வாடை வந்த பை நேராக உரக்குழிக்குப் போகட்டும்.